மேசை இல்லாத இடத்துக்கு ஒரு மானிட்டர்: கண்ணாடியா, கையடக்கத் திரையா, ஹெட்செட்டா?

லேப்டாப் திரை போதவில்லை என்றால் முன்பெல்லாம் ஒரே வழிதான்: பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வைப்பது. அப்புறம் பையில் போட்டுக்கொண்டு போகிற மெல்லிய மானிட்டர்கள் வந்தன. இப்போது கண்ணாடி போட்டால் கண் முன்னே திரை விரியும் என்கிறார்கள். தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட்டும் அதையேதான் சொல்கிறது. இந்த நான்கில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: திரையின் அளவைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் எந்தக் கண்ணாடி என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்மார்ட் கண்ணாடி என்று தேடினால் மூன்று வகைப் பொருட்கள் கலந்து வந்து நிற்கும். கேமராவும் ஸ்பீக்கரும் மட்டும் உள்ளவை ஒரு வகை; அவற்றில் திரையே கிடையாது. லென்ஸின் ஓரத்தில் சின்னதாகச் செய்தியும் வழிகாட்டும் அம்புக்குறியும் காட்டுபவை இன்னொரு வகை. 2025இல் வந்த மெட்டா ரேபான் டிஸ்ப்ளே அப்படிப்பட்டது. வலது கண்ணுக்கு மட்டும் 600க்கு 600 பிக்சல், பார்வையில் 20 டிகிரி கோணத்தை மட்டும் நிறைக்கும் பரப்பு. செய்தி படிக்கப் போதும், எக்செல் தாளுக்கு ஆகாது.

நாம் பேசப்போவது மூன்றாவது வகை. எக்ஸ்ரியல், ரோகிட், ரேநியோ போன்ற பெயர்களில் வருபவை, கேபிள் போட்டு லேப்டாப்பில் செருகுபவை. கம்ப்யூட்டரின் கணக்கில் இது இன்னொரு மானிட்டர், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு மைக்ரோ ஓஎல்இடி திரைகள், கட்டைவிரல் நகம் அளவுக்கு, நெற்றிப் பக்கம் பதிந்திருக்கும். பெரும்பாலான மாடல்களில் அந்த ஒளி, பாதியைத் திருப்பிப் பாதியை ஊடுருவ விடும் சாய்ந்த அரைக்கண்ணாடி ஒன்றில் பட்டு, வளைந்த இன்னொரு கண்ணாடிக்குப் போய்த் திரும்பி, கண்ணுக்கு வருகிறது. எடை 70 முதல் 90 கிராம் வரை. சாதாரணக் குளிர்கண்ணாடியைவிடக் கனம், ஆனால் மாட்டியபடி நடமாடலாம்.

அங்குலக் கணக்கு

'4 மீட்டர் தூரத்தில் 130 அங்குலத் திரை' என்று ஒரு கண்ணாடிக்கு விளம்பரம். '6 மீட்டரில் 215 அங்குலம்' என்று இன்னொன்றுக்கு. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் கண்ணுக்கு அங்குலம் தெரியாது, கோணம்தான் தெரியும். 4 மீட்டரில் இருக்கும் 130 அங்குலத் திரை, மூலைக்கு மூலை சுமார் 45 டிகிரி கோணத்தை நிறைக்கிறது. மேசையில் இருக்கும் ஒரு 24 அங்குல மானிட்டரை 74 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தாலும் அதே 45 டிகிரிதான். அதாவது அந்தப் பிரம்மாண்டமான திரையும் ஓர் அலுவலக மானிட்டரும் கண்ணுக்கு ஒரே அளவு.

இன்னும் ஒரு படி போகலாம். 15.6 அங்குல லேப்டாப்பை மடியில் வைத்து 50 சென்டிமீட்டரில் பார்க்கும்போது அது 43 டிகிரி. கண்ணாடி தருவது 45. திரை பெரிதாகும் என்று நம்பிக் கண்ணாடி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் ஆதாயம் அந்த 2 டிகிரிதான். புதிய மாடல்கள் பரப்பைக் கூட்டியிருக்கின்றன. எக்ஸ்ரியல் ஒன் 50 டிகிரி, ஒன் ப்ரோ 57 டிகிரி. 57 என்பது 24 அங்குல மானிட்டரை 56 சென்டிமீட்டர் அருகில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம். நல்ல அளவுதான், ஆனால் சினிமாக் கொட்டகை இல்லை.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. இந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு கண்ணுக்கும் 1920க்கு 1080 பிக்சல் தருகின்றன. பிக்சல் எண்ணிக்கை மாறாமல் பரப்பை மட்டும் விரித்தால் எழுத்து மங்கத்தானே செய்யும்? எழுத்துக் கூர்மைக்கு நல்ல அளவுகோல், ஒரு டிகிரிக்குள் எத்தனை பிக்சல் என்பது. நல்ல பார்வை உள்ள கண் டிகிரிக்கு 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பது வழக்கமான கணக்கு. 45 டிகிரிக் கண்ணாடியில் அது 48 அளவில் வரும். 57 டிகிரியில் 38க்கு இறங்கும். 24 அங்குல முழு எச்டி (அதே 1920க்கு 1080 பிக்சல்) மானிட்டரை 60 சென்டிமீட்டரில் பார்த்தால் 40. அதே தூரத்தில் 27 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) மானிட்டர் 70ஐத் தாண்டிவிடும்.

ஆக, கண்ணாடியின் கூர்மை மோசமில்லை. ஒரு சாதாரண அலுவலக மானிட்டருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கிறது. 4கே பழகிய கண்ணுக்குப் பின்வாங்கியதுபோல் இருக்கும். இப்போது வரும் பல லேப்டாப்களின் சொந்தத் திரையிலேயே இதைவிடப் பிக்சல் அதிகம். 14 அங்குல மேக்புக் ப்ரோவில் 3024க்கு 1964. அப்படிப்பட்ட லேப்டாப்பை மூடிவிட்டுக் கண்ணாடியில் மட்டும் வேலை செய்வது, இருப்பதைக் குறைத்துக்கொள்வதுதான்.

திரை எங்கே நிற்கிறது

விளம்பரப் படங்களில் வராத ஒன்று இருக்கிறது. கண்ணாடியை வெறுமனே செருகினால் திரை முகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். தலையைத் திருப்பினால் திரையும் திரும்பும். மூலையில் இருக்கும் நேரத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தால் நேரமும் சாய்ந்து விலகும். கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் இந்த ஒளியமைப்பில் ஓரங்கள்தான் முதலில் மங்கும். படம் பார்க்கும்போது நடுவில்தான் கண் இருக்கும் என்பதால் இது தெரியாது. கம்ப்யூட்டரிலோ மெனு மேல் ஓரத்தில், டாஸ்க்பார் கீழ் ஓரத்தில், பக்கத்தை உருட்டும் பட்டை வலது ஓரத்தில். படம் பார்த்து மயங்கியவர்கள் வேலை செய்ய உட்கார்ந்ததும் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு மருந்து, திரையை வெளியில் ஓர் இடத்தில் நிறுத்துவது. தலையின் சுழற்சியைச் சென்சார் அளந்து, படத்தை எதிர்த்திசையில் நகர்த்தும். அப்போது திரை சுவரில் மாட்டியதுபோல் நிற்கும். ஓரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் ஓரம் பார்வையின் நடுவுக்கு வரும். 2024 கடைசியில் வந்த எக்ஸ்ரியல் ஒன் இதற்கென்று கண்ணாடிக்குள்ளேயே ஒரு சிப் வைத்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான மாடல்களில் லேப்டாப்பில் தனி மென்பொருள் போட வேண்டும், அல்லது தனிப் பெட்டி ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். அலுவலக லேப்டாப்பில் கண்ட மென்பொருளையும் நிறுவ அனுமதி கிடைக்காது என்பதால், கண்ணாடிக்குள்ளேயே இந்த வசதி இருப்பது பெரிய விஷயம். வேலைக்காக வாங்குகிறவர் இது இல்லாத மாடலைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

நிறுத்தி வைத்த திரைக்கும் ஒரு விலை உண்டு. நேரடியாக ஒட்டியிருக்கும்போது கம்ப்யூட்டரின் ஒரு பிக்சல், திரையின் ஒரு பிக்சலில் அப்படியே விழுகிறது. நிறுத்தி வைத்தால் தலையின் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் படத்தைத் திரும்பக் கணக்கிட்டு வரைய வேண்டும், சின்ன எழுத்துகளின் விளிம்பு கொஞ்சம் கரையும். எழுத்தளவை ஒரு படி கூட்டிக்கொண்டால் பிரச்சினை தீரும். ஆனால் கூட்டினால் திரையில் கொள்ளும் வரிகள் குறையும்.

மூன்று திரைகளை அரைவட்டமாக விரிக்கலாம் என்ற பேச்சையும் இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். விரிக்கலாம். ஆனால் பார்க்கும் ஜன்னல் அதே 45, 50 டிகிரிதான். நிஜமான மூன்று மானிட்டர்களில் நடுவில் இருப்பதைப் படிக்கும்போதே பக்கத்தில் ஏதோ மின்னியது ஓரக்கண்ணில் படும். கண்ணாடியில் ஜன்னலுக்கு வெளியே இருப்பது இல்லாததுபோலத்தான். தலையைத் திருப்பினால்தான் உண்டு. அகலத் திரை ஒன்றை விரித்து, இடது பாதியில் ஆவணம், வலது பாதியில் எழுதும் பக்கம் என்று வைப்பது நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேல் போவது என் பார்வையில் வித்தை.

ஓடும் பேருந்தில் இன்னொரு வேடிக்கை. வண்டி வளைவில் திரும்புவதைச் சென்சார், தலை திரும்பியதாக எடுத்துக்கொள்ளும்; திரை மெல்ல நழுவி ஜன்னல் பக்கம் போய்விடும். அங்கே முகத்தோடு ஒட்டிய முறைக்கு மாறிக்கொள்வதுதான் வழி.

கறுப்பு என்பது கண்ணாடியில் ஒளியே இல்லாத இடம், அதாவது ஊடுருவித் தெரியும் இடம். கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு, வரிகளுக்குப் பின்னால் எதிர்ச் சுவரோ எதிரில் உட்கார்ந்திருப்பவரோ தெரிந்துகொண்டிருப்பார். வெளிச்சமான அறையில் இது தொந்தரவு. அதனால்தான் இவற்றில் குளிர்கண்ணாடிபோல் இருண்ட முன்பக்கம் வைக்கிறார்கள். சில மாடல்களில் பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே இருளும், சிலவற்றுக்கு மூடி தருகிறார்கள். கீழிருந்து வரும் வெளிச்சம் இன்னொரு தலைவலி. வெள்ளைச் சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் சட்டையின் பிரதிபலிப்பு திரையின் மேல் படர்ந்து நிற்கும். சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன சாய்ந்த அரைக்கண்ணாடி அமைப்பு உள்ளவற்றுக்குக் கறுப்புச் சட்டைதான் நல்லது.

கண் யாருடையது?

இந்த ஒப்பீட்டில் எல்லோருக்கும் பொதுவான பதில் சொல்ல முடியாத இடம் இதுதான். மானிட்டர் எல்லோர் கண்ணுக்கும் ஒன்று. கண்ணாடி அப்படி இல்லை.

திரை மூக்குக்கு மேலேயே இருந்தாலும் கண் குவிக்க வேண்டிய தூரம் சில மீட்டர்கள். லென்ஸ் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நாற்பதைத் தாண்டி, கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்கு இது எதிர்பாராத வரம். தூரப் பார்வை சரியாக இருந்தால் படிக்கும் கண்ணாடி இல்லாமலே திரையில் எழுத்து தெளிவாகத் தெரியும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு நேர்மாறு: லேப்டாப்பை வெறும் கண்ணால் படிப்பவர்கூட இதில் முழுப் பவர் லென்ஸ் இல்லாமல் பார்க்க முடியாது. சில மாடல்களில் பவரைத் திருகிச் சரிசெய்யும் சக்கரம் உண்டு. ரோகிட் மேக்ஸில் மைனஸ் 6 வரை. மற்றவற்றில் உள்ளே பொருத்தும் லென்ஸைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். கருவிழியின் வளைவு சீராக இல்லாதவர்களுக்கு எழுதித் தரும் சிலிண்டர் பவர் இருந்தால் திருகு சக்கரம் உதவாது, லென்ஸ் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரமும் முக்கியம். அது கண்ணாடியின் அளவோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்க ஓரம் எப்போதும் மங்கியே இருக்கும், எத்தனை மூக்குத்தாங்கி மாற்றினாலும் சரியாகாது. எக்ஸ்ரியல் ஒன் ப்ரோவை இதற்காகவே இரண்டு அளவுகளில் விற்கிறார்கள். கண் மருத்துவர் தந்த சீட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக் கடையில் அளந்து தருவார்கள்.

லேப்டாப் திரையையும் திறந்து வைத்துக்கொண்டு, நேரே பார்த்தால் கண்ணாடித் திரை, கீழே பார்த்தால் லேப்டாப் என்று வேலை செய்வதுதான் பலருக்கும் பிடிக்கும் முறை. நல்ல முறைதான். ஆனால் கண் ஒவ்வொரு தடவையும் சில மீட்டர் தூரத்திலிருந்து அரை மீட்டருக்குக் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இளம் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. மேலே சொன்ன நாற்பதைத் தாண்டியவருக்கோ கண்ணாடித் திரை தெளிவு, லேப்டாப் திரை மங்கல்.

கையடக்க மானிட்டர்

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, அதுதான் இதன் பலம். 15.6 அங்குலம், முக்கால் கிலோ அளவில் எடை, ஒரே டைப்-சி கேபிள். செருகினால் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டலாம். பவர் லென்ஸ், கண்மணித் தூரம், சட்டையின் நிறம் எதையும் யோசிக்க வேண்டாம். நாள் முழுக்கப் பார்த்தாலும் மூக்கில் தடம் பதியாது. இதன் ஒரே நிபந்தனை, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைக்க இடம் வேண்டும். பயணம் போகிற இடத்தில் ஒரு மேசை நிச்சயம் கிடைக்கும் என்றால் கண்ணாடியைவிட இதுவே உருப்படியான செலவு. கண்ணாடி விற்பவர்கள் இந்தப் பொருளின் பெயரையே எடுப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஹெட்செட்

கண்ணாடியின் குறைகள் பலவற்றுக்கு இதில் பதில் உண்டு. 2023இல் வந்த மெட்டா க்வெஸ்ட் 3 சுமார் 110 டிகிரி அகலம் காட்டும், அதனால் பக்கத்துத் திரைகள் ஓரக்கண்ணில் உண்மையாகவே இருக்கும். திரைகள் இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். தலை சுழல்வதை மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர்வதையும் அது அறியும். விண்டோஸ் 11 லேப்டாப்போடு கம்பியில்லாமல் இணைந்து பல திரைகள் விரிக்கும்.

ஆனால் எழுத்துக்கு வந்தால் டிகிரிக்கு 25 பிக்சல்தான். ஒரு முழு எச்டி திரையைப் பிக்சல் சிதையாமல் காட்ட 77 டிகிரி அகலம் விரிக்க வேண்டும். ஒரு வரியைப் படித்து முடிக்கத் தலை இடமிருந்து வலம் போய்வர வேண்டும். ஆப்பிள் விஷன் ப்ரோவில் நிலைமை மேல். பிரித்துப் பார்த்தவர்களின் கணக்குப்படி டிகிரிக்கு சுமார் 34. மேக்கோடு சேர்ந்தால் இரண்டு 5கே மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுக்கு அகலத் திரை விரிக்கும். மெய்நிகர் திரைகளில் நான் மதிப்பது அதைத்தான். எடை? க்வெஸ்ட் 3 அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 2024இல் வந்த முதல் விஷன் ப்ரோ 600 கிராமுக்கு மேல், பேட்டரி தனியாகச் சட்டைப்பையில். விலையோ நல்ல லேப்டாப் ஒன்றையும் நல்ல மானிட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்கிற ரகம். ஒரு மணிநேரம் ஆழ்ந்து வேலை செய்ய ஹெட்செட் அருமை. முழு வேலைநாளுக்குக் கழுத்து ஒத்துழைக்காது.

கண்ணாடியை மட்டுமே நம்பி ஒரு கம்ப்யூட்டரே செய்யலாமா என்று பார்த்தவர்களும் உண்டு. சைட்ஃபுல் என்ற நிறுவனம் திரையே இல்லாத லேப்டாப் ஒன்றை, கண்ணாடியோடு சேர்த்து, ஸ்பேஸ்டாப் என்ற பெயரில் அறிவித்தது. 2024இல் அந்த லேப்டாப்பைக் கைவிட்டு, சாதாரண விண்டோஸ் லேப்டாப்களில் ஓடும் மென்பொருளாக மாற்றிக்கொண்டது. திரையைப் பிடுங்கிவிட்டு மாற்றாகக் கண்ணாடியை வைப்பதைவிட, இருக்கும் திரையோடு கூடுதலாக வைப்பதுதான் செல்லுபடியாகும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் யாருக்குத்தான் கண்ணாடி?

மேசை இல்லாதவருக்கு. முன் இருக்கை சாய்ந்துவிட்டால் லேப்டாப் மூடியைக்கூட முழுதாகத் திறக்க முடியாத விமான இருக்கையில், குனியாமல் நேரே பார்த்து வேலை செய்ய எந்த மானிட்டரும் உதவாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படக்கூடாத கணக்கு வழக்கையோ நோயாளிக் கோப்பையோ பொது இடத்தில் திறக்க வேண்டியவருக்கும் இதுதான். முதுகுவலியால் நிமிர்ந்து உட்கார முடியாதவர், படுத்தபடியே விட்டத்தில் திரையை நிறுத்தி, கீபோர்டை மடியில் வைத்து வேலை பார்க்கலாம். எந்த மானிட்டரும் இதைச் செய்யாது. ஒரே அறையில் பலர் வாழ, இரவில் விளக்கைப் போடாமல் படிக்க வேண்டியவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

நாள் முழுக்க ஒரே மேசையில் இருப்பவருக்கு 27 அங்குல 4கே மானிட்டர். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. நிறம் பார்த்துப் படம் திருத்துகிறவர் கண்ணாடிப் பக்கம் வரவே வேண்டாம்; கருவி வைத்து நிறத்தை அளந்து சரிசெய்வது இதில் எளிதில் நடக்கிற காரியம் இல்லை. அடிக்கடி வீடியோ கூட்டம் இருப்பவரும் யோசிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி மாட்டிய முகத்தோடு கேமரா முன் உட்காருவதா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கழற்றுவதா என்பது சின்னப் பிரச்சினைபோல் தெரியும், ஒரு வாரத்தில் பெரிதாகிவிடும்.

வாங்க முடிவு செய்துவிட்டால், காசு கொடுப்பதற்கு முன் லேப்டாப்பின் டைப்-சி துளையைப் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா டைப்-சியும் படத்தை வெளியே அனுப்பாது. துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேப்டாப்பின் விவரப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது டைப்-சி வழியே படம் அனுப்பும் வசதி, இருக்கிறதா என்று தேட வேண்டும். ஃபோனுக்கும் இதே கதைதான்: ஐஃபோனில் 15ஆம் வரிசையிலிருந்து உண்டு, ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும் பழைய லேப்டாப் என்றால், கண்ணாடிக்குத் தனியாக மின்சாரமும் தருகிற மாற்றி வேண்டும், பயணத்தில் சுமக்க இன்னொரு பொருள். சார்ஜுக்கும் சேர்த்து ஒரே டைப்-சி துளைதான் என்றால், அதற்கான மாற்றி ஒன்று இல்லாமல் கண்ணாடி மாட்டியிருக்கும் நேரம் முழுக்கச் சார்ஜ் போட முடியாது, அதுவும் கண்ணாடி அதே பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது.

திருப்பித் தரும் காலம் உள்ள இடத்தில் வாங்குங்கள். வந்த அன்றே படம் போட்டுப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், படம் எல்லாக் கண்ணாடியிலும் நன்றாகத்தான் இருக்கும். தினமும் திறக்கும் எக்செல் தாளையோ நிரலையோ திறந்து, நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். மூலை படிக்கத் தெரிகிறதா, இரண்டு மணிநேரம் கழித்து மூக்கும் காதும் என்ன சொல்கின்றன, கழற்றிய பிறகு தலை கனக்கிறதா. இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, கையடக்க மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.